உப்புப் படிந்த கண்: ஒரு லைட் சர்க்யூட்டோடு எட்டு மாதம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் ரூ.40,200 போனது. அதில் ரூ.22,500 கைக்கு வரவேண்டிய மீன் பணம், ரூ.2,800 ஒரு வேண்டாத ஸ்டெபிலைசர், மீதி ரூ.14,900 போர்டு, சென்சார், எல்.இ.டி. பட்டை, கூரியர், பஸ் செலவு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 2023 நவம்பரில் ஆரம்பித்து 2024 ஜூலை வரை எட்டு மாதம். மீன் குஞ்சுத் தீனிக்கான பாசிக்கு வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஒரு சர்க்யூட்டை, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் என்ற தைரியத்தில், யாரையும் கேட்காமல் நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன். கேட்பதற்கு ஆளும் இல்லை என்பது வேறு விஷயம். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்.

எங்கள் வீடு மண்டபத்தில், தென்கடல் பக்கம். பின்கட்டில் பன்னிரண்டுக்கு இருபது அடியில் ஒரு கொட்டகை. அதில் கோமாளி மீன் நாலு ஜோடி வைத்து, குஞ்சு பொரிக்க வைத்து, அலங்கார மீன் கடைக்காரர்களுக்குக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் மீனைவிட மீனின் சாப்பாடுதான் பெரிய பாடு. பொரிந்து வரும் குஞ்சுக்கு முதல் வாரம் ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிதான் தீனி. அந்த ரோட்டிஃபருக்குத் தீனி நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி. மாமியார் அதைப் 'பச்சைத் தண்ணி' என்பார். இருபது லிட்டர் கேன் ஆறில் காற்று விட்டு, உரம் போட்டு வளர்ப்போம். பாசி படுத்தால் ரோட்டிஃபர் படுக்கும், ரோட்டிஃபர் படுத்தால் இரண்டே நாளில் குஞ்சு மொத்தமும் போகும். சங்கிலியின் நுனியில் இருப்பது வெளிச்சம். இந்த மாதிரி பாசிக்கு 2,500 முதல் 5,000 லக்ஸ் வரை போதும், தினமும் பதினாறு மணி நேரம் கொடுத்தால் நல்லது என்பது வளர்ப்பவர்களின் பொதுக் கணக்கு. லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. நான் 3,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டேன்.

பிரச்சினை என்னவென்றால், கொட்டகைக்கு ஃபைபர் ஷீட் கூரை, கடல் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். வெயில் அடிக்கும் நாளில் உச்சிப் பொழுதுக்கு லைட்டே வேண்டாம், வெளியிலிருந்து வருவதே கேனுக்கு அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் பட்டப்பகலில் கருக்கல். டைமர் வைத்து எல்.இ.டி. பட்டையை முழு வெளிச்சத்தில் எரித்தால் ஒரு நாள் கூடுதல், ஒரு நாள் குறைவு. பாசியின் நிறத்தைப் பார்த்து நானே சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டு இருந்தேன். போனில் சொன்னபோது வீட்டுக்காரர், "ஏம்மா, அந்த ஜன்னலை ஒரு கோணியால மூடிட்டா முடிஞ்சுபோச்சே" என்றார். அன்றைக்கே அதைக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் பகல் வெளிச்சம் இலவசம். அதை மூடிவிட்டு மின்சாரத்துக்குக் காசு கட்ட எனக்கு மனசு வரவில்லை. வெளிச்சத்தை அளந்து, குறைகிற அளவை மட்டும் எல்.இ.டி. நிரப்ப வேண்டும் என்று நினைத்தேன்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. வள்ளத்தில் சுக்கான் பிடிப்பவர் என்ன செய்கிறார்? கரையில் ஒரு அடையாளத்தைப் பார்க்கிறார், வள்ளம் எந்தப் பக்கம் விலகுகிறதோ அதற்கு எதிராகக் கொஞ்சம் திருப்புகிறார், மறுபடி பார்க்கிறார். என் சர்க்யூட்டும் அதையேதான் செய்ய வேண்டும். லைட் சென்சார் அளக்கும், ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டு அதை 3,000 லக்ஸோடு ஒப்பிடும், குறைந்தால் எல்.இ.டி.யைக் கூட்டும், மிஞ்சினால் குறைக்கும், திரும்ப அளக்கும். முதல் தடவை சுக்கான் பிடிக்கிறவன் வள்ளத்தை எப்படி ஓட்டுவான் என்று கடற்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடதுக்கு ஒரு இழுப்பு, வலதுக்கு ஒரு இழுப்பு. என் லைட்டும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் ஓடியது.

முதல் சென்சார் எல்.டி.ஆர்., வெளிச்சம் கூடினால் தடை குறையும் ரெசிஸ்டர், கடையில் பத்து ரூபாய். அதோடு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து ஆர்டுயினோவின் அனலாக் பின்னில் கொடுத்தேன். குறைந்தால் எரி, கூடினால் அணை என்று இரண்டே வரி நிரல். பொழுது சாயும் நேரத்தில் ஓடவிட்டேன். லைட் டிஸ்கோ மாதிரி வெட்ட ஆரம்பித்தது. இருட்டு என்று எரிகிறது, எரிந்ததும் தன் வெளிச்சத்தையே பார்த்துப் 'போதும்' என்று அணைகிறது, அணைந்ததும் மறுபடி இருட்டு. தெருவிளக்குக்கு எல்.டி.ஆர். வைப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழி இது. எரிவதற்கு ஒரு அளவு, அணைவதற்கு அதைவிட நன்றாக உயர்ந்த இன்னொரு அளவு என்று இடைவெளி விட்டால் நிற்கும். இடைவெளி, அந்த லைட் தானே தருகிற வெளிச்சத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேண்டியது எரிவதும் அணைவதும் இல்லையே, இடைப்பட்ட அளவு. அதனால் பி.டபிள்யூ.எம். முறைக்குப் போனேன். எல்.இ.டி.யை வினாடிக்குப் பல நூறு தடவை அணைத்து எரித்து, எரியும் நேரத்தின் விகிதத்தை மாற்றினால் கண்ணுக்கு மங்கலாகவோ பிரகாசமாகவோ தெரியும்.

அங்கே அடுத்த குழி. ஆர்டுயினோ ஊனோவில் ஒன்பதாம் பின்னில் வரும் பி.டபிள்யூ.எம். வினாடிக்கு சுமார் 490 தடவை வெட்டும். சென்சார் அந்தத் துடிப்பின் சாயலையும் கொஞ்சம் பார்க்கிறது. நிரல் படிக்கும் கணம் துடிப்பின் மேட்டில் விழுந்தால் ஒரு எண், பள்ளத்தில் விழுந்தால் வேறு எண். அந்த ஆட்டத்தை நம்பி லைட்டைத் திருத்தினால் லைட்டும் ஆடும். சென்சார் பின்னுக்கும் தரைக்கும் நடுவில் 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டு, பதினாறு அளவீட்டின் சராசரி எடுத்ததும் எண் அடங்கியது. இரண்டு ரூபாய் கெப்பாசிட்டர். அதைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள்.

இதற்கிடையில் மாஸ்ஃபெட் கதை வேறு. ஆர்டுயினோ சொல்கிறபடி பட்டையின் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. ராமநாதபுரத்தில் கிடைத்தது ஐ.ஆர்.எஃப். 540. மாஸ்ஃபெட்தானே என்று வாங்கிவந்து 12 வோல்ட் பட்டைக்குப் போட்டேன். நாலு பட்டையும் சேர்ந்து 8 ஆம்பியர் இழுக்கும். பத்து நிமிடத்தில் தொட்ட விரல் கொப்பளித்தது. அந்த வகை முழுசாகத் திறக்க, கேட் என்ற கட்டுப்பாட்டுக் காலில் 10 வோல்ட் வேண்டும். ஆர்டுயினோ தருவது 5 வோல்ட். பாதி திறந்த மதகு மாதிரி உள்ளே சூடாகிக்கொண்டே இருக்கும். 5 வோல்ட்டில் திறக்கும் வகைக்குப் பெயர் லாஜிக் லெவல், ஐ.ஆர்.எல்.இசட். 44 என் மாதிரி. எழுத்தில் 'எல்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லைட் மினுக்குவதைப் பார்த்த எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணன், "வோல்டேஜ் ஏறி இறங்குது தங்கச்சி, ஸ்டெபிலைசர் போட்டாத்தான் அடங்கும்" என்றார். அவர்மேல் கோபமில்லை, இந்த ஊரில் பாதி நோய்க்கு அதுதான் காரணம். ஆனால் என் பட்டை, வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். மூலம் எரிகிறது. கரண்ட் 170 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அது 12 வோல்ட்டைப் பிடித்து நிற்கும். மல்டிமீட்டரை வைத்து அரை நிமிடம் பார்த்திருந்தால் ரூ.2,800 மிச்சம். பார்க்கவில்லை. ஸ்டெபிலைசர் இப்போது ஃபிரிட்ஜுக்கு.

எல்.டி.ஆரைக் கைவிட்டதற்குக் காரணம் வேறு. பிப்ரவரியில்தான் ரூ.1,600 கொடுத்து ஒரு லக்ஸ் மீட்டர் வாங்கினேன். அதை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். இதைப் படித்து யாராவது ஆரம்பிப்பதானால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாங்குங்கள். எல்.டி.ஆர். சொல்லும் 3,000 காலையில் 2,400 ஆக இருந்தது, மதியம் 3,700. வெயிலில் ஊறிய எல்.டி.ஆர். கொஞ்ச நேரத்துக்கு அந்த ஞாபகத்தோடே இருக்கும். சூட்டுக்கு மாறும். வெயில் வெளிச்சத்துக்கும் எல்.இ.டி. வெளிச்சத்துக்கும் ஒரே மாதிரி பதில் சொல்லாது. இருட்டா வெளிச்சமா என்று கேட்டால் சரியாகச் சொல்லும், எவ்வளவு என்று கேட்டால் குத்துமதிப்புதான்.

அப்புறம் பி.எச். 1750 என்ற சென்சார். நூற்றைம்பது ரூபாய் சில்லு, லக்ஸிலேயே எண் தரும். மேஜையில் வைத்து ஓட்டியபோது ஆசையாக இருந்தது. கையால் மறைத்தால் லைட் மெல்ல ஏறுகிறது, டார்ச் அடித்தால் இறங்குகிறது. ஆனால் அதற்கும் ஒரு நிதானம் வேண்டும். நுட்பமான அளவீட்டுக்கு அது சுமார் 120 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். நான் 20 மில்லி வினாடிக்கு ஒரு தடவை திருத்திக்கொண்டிருந்தேன். பழைய எண்ணைப் பார்த்தே ஆறு தடவை திருத்தினால் தாண்டிப் போகாமல் என்ன செய்யும்? சுக்கானைத் திருப்பியபின் வள்ளம் திரும்புவதற்கு நேரம் கொடுக்காமல் இன்னும் இன்னும் திருப்புகிற கதை. அரை வினாடிக்கு ஒரு திருத்தம், அதுவும் சிறிய திருத்தம் என்று மாற்றியதும் ஊசலாட்டம் நின்றது. பாசிக்கு என்ன அவசரம்? மேகம் மூடி ஒரு நிமிடம் கழித்து வெளிச்சம் சரியானால் போதும்.

நிரலில் இரண்டு பகுதி இருந்தது. இப்போதைய குறைக்குத் தகுந்த திருத்தம் ஒன்று, இதுவரை சேர்ந்த குறைகளைக் கூட்டி வைத்துச் செய்யும் திருத்தம் ஒன்று. இரண்டாவதுதான் லைட்டை மிகச் சரியாக 3,000-க்குக் கொண்டுவந்து நிறுத்தும். அதுவே காலையும் வாரியது. மார்ச் மாத உச்சி வெயிலில் ஜன்னல் வெளிச்சமே 5,000 தாண்டும். எல்.இ.டி. ஏற்கனவே சுழியில் இருக்கிறது, இதற்குமேல் குறைக்க வழியில்லை. ஆனால் நிரல், அதிகம், அதிகம் என்று நாலு மணி நேரம் கணக்கில் எழுதிக்கொண்டே போயிருக்கிறது. சாயங்காலம் வெளிச்சம் 1,000-க்கு இறங்கியும் லைட் எரியவில்லை. சேர்த்து வைத்த கடனைக் கழித்து முடிக்கவே நாற்பது நிமிடம் ஆயிற்று. கெட்டுப்போன சென்சார் என்று நினைத்து இன்னொன்று ஆர்டர் போட்டேன். எல்.இ.டி. சுழியிலோ உச்சத்திலோ முட்டி நிற்கும்போது கூட்டுவதை நிறுத்து என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். இதற்கு வைண்ட்-அப் என்று பெயர், பாலிடெக்னிக்கில் இரண்டு மார்க் கேள்வியாக எழுதியிருக்கிறேன்.

ஏப்ரலில் கொட்டகைக்குள் மாட்டினேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில், ஊர் அமைதி. போர்டை ஈரம் படாமல் வீட்டுச் சுவரில் வைத்துவிட்டு, சென்சாருக்கு மட்டும் மூன்று மீட்டர் ஒயர் இழுத்தேன். அந்தச் சென்சார் பேசும் ஐ-டூ-சி முறை ஒரு போர்டுக்குள் சில்லோடு சில்லு பேசுவதற்காக வந்தது. நான் அதைப் பட்டைக்குப் போகும் 8 ஆம்பியர் ஒயரோடு சேர்த்து ஒரே கேசிங்கில் விட்டேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பேச்சு அறுந்தது. சென்சார் பதில் சொல்லாவிட்டால் நான் பயன்படுத்திய நிரல்தொகுப்பு மைனஸ் எண் ஒன்றைத் திருப்பித் தரும். என் நிரலுக்கு அது என்ன தெரியும்? சுழியைவிடக் குறைந்த வெளிச்சம், அதாவது கும்மிருட்டு. எல்.இ.டி.யை நூறு சதவீதத்துக்கு ஏற்றிவிட்டது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்த மாமியார், "கொட்டாய்ல திருவிழா நடக்குது பாரு தாயி" என்று எழுப்பினார்.

அன்றைக்கு நான் செய்தது போர்டைச் சென்சார் பக்கத்தில் மாற்றி, ஒயரை ஒரு முழமாகக் குறைத்தது மட்டும். பேச்சு அறுவது நின்றுவிட்டது, நானும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். சென்சார் தப்பாகச் சொன்னால் லைட் எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி அன்று ராத்திரியே என் முன்னால் வந்து நின்றது. நான் ஒயரைச் சரி செய்துவிட்டு அதை அனுப்பிவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

மே கடைசியில் கச்சான் காற்று ஏறியது. மண்டபத்தில் கச்சான் அடிக்கிறதென்றால் மணலும் உப்பும் சேர்ந்து அடிக்கிறது. காலையில் துடைத்த கண்ணாடி சாயங்காலம் நக்கினால் கரிக்கும். சைக்கிள் செயினை எண்ணெயில் ஊறப்போட்டாலும் துரு. அந்தக் காற்றில் என் சென்சார் திறந்தபடி இருந்தது. திறந்தபடி என்றும் சொல்ல முடியாது. சாலிடர் வைத்த கால்களுக்குப் பாதுகாப்பாக ஹார்டுவேர் கடை சிலிகானை அப்பியிருந்தேன். காடி வாசனை அடிக்குமே, அந்த வகை. அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அமிலம் செம்பை அரிக்கும். காப்பாற்றுவதாக நினைத்து அமிலத்தைப் பூசியிருக்கிறேன். எலெக்ட்ரானிக்ஸுக்கு நியூட்ரல் க்யூர் என்று எழுதியிருக்கும் சிலிகான்தான் வாங்க வேண்டும். அதற்கு அந்த வாசனை இருக்காது.

அதே நேரத்தில் வீட்டில் மாமியார், வீடு இருட்டாக இருக்கிறது என்று தினமும் ஒரு சண்டை. சமையல்கட்டில் 9 வாட் பல்பைக் கழற்றி 15 வாட் போட்டேன். அதுவும் போதாது என்றார். ஹாலிலும் மாற்றினேன். பிறகுதான் கண்ணைக் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. ஜூலை இரண்டாம் வாரம் மதுரையில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். பஸ்ஸிலேயே போனோம், இரண்டு ராத்திரி அங்கே தங்கல். குஞ்சு பொரிந்து ஆறு நாள். ஏறக்குறைய எழுநூறு. அதில் 250 தேறும், ஒன்று தொண்ணூறு ரூபாய் என்று ஒரு கடைக்காரரிடம் பேசி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ரோட்டிஃபரும் பாசியும் எடுத்து ஊற்றும் அளவைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, லைட்டைப் பற்றிக் கவலையில்லை, அது தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன்.

மூன்றாம் நாள் மதியம் வந்து கொட்டகைக் கதவைத் திறந்தேன். சூடு. பாசி கேன் ஆறும் பச்சை போய், சாதம் வடித்த கஞ்சியில் மஞ்சள் கலந்த மாதிரி இருந்தது. அடியில் படிவு. மோந்து பார்த்தால் அழுகல். தெர்மாமீட்டர் 36. டிஸ்பிளேயில் 'லக்ஸ் 2,870' என்றும் 'எல்.இ.டி. 100' என்றும் ஓடிக்கொண்டிருந்தது. லக்ஸ் மீட்டரைக் கேன் பக்கத்தில் வைத்தேன், 7,100. ரோட்டிஃபர் டிரம்மில் அசைவில்லை. குஞ்சுத் தொட்டியில் டார்ச் அடித்தேன். அடியில் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான் எழுநூறு குஞ்சு. பதினொன்று மட்டும் நீந்திக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே, "நீங்க சொன்ன அளவுதான் அக்கா ஊத்துனேன்" என்றாள். அவள் ஊற்றியது செத்த பாசியை. அவள்மேல் என்ன தப்பு? நான் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே மாமியார் ஒற்றைக் கண்ணில் கட்டோடு, சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சென்சாரைக் கழற்றிப் பார்த்தேன். பாதிப் பச்சரிசி அளவுகூட இல்லாத அந்தச் சின்னக் கண்மேல் உப்பு பூத்து, ஈரம் வாங்கி, பால்போல் ஒரு திரை. கால்களில் பச்சைக் களிம்பு. உள்ளே போகும் வெளிச்சம் பாதிக்கும் கீழ். நிரலில் ஒரு பிழையும் இல்லை, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. கண் மங்க மங்க, 3,000 தெரியவில்லையே என்று லைட்டைக் கூட்டியிருக்கிறது, இன்னும் மங்க இன்னும் கூட்டியிருக்கிறது. 96 வாட் பட்டை முழு வேகத்தில், தூசிக்காக நான் போட்டிருந்த பிளாஸ்டிக் திரைக்குள். 35 டிகிரி தாண்டினாலே பல பாசி வகை செத்துவிடும். சென்சாரே இல்லாமல், பட்டையைப் பாதி வெளிச்சத்தில் வெறும் டைமரில் விட்டிருந்தால் பாசி பிழைத்திருக்கும் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. மாமியாருக்கு நான் பல்பு மாற்றிக்கொண்டே போனது அன்று சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது, நிற்காமல்.

ஆகஸ்டில் மறுபடி கட்டினேன், இந்தத் தடவை எது எப்படிக் கெடும் என்று யோசித்தபடி. சென்சாரை இப்போது ஒரு சின்ன ஜாம் பாட்டிலுக்குள் கவிழ்த்து வைத்து, வாயை நியூட்ரல் சிலிகானால் அடைத்து, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன். சென்சார்மேல் பாதியாக அறுத்த பிங்பாங் பந்து. அது எல்லாப் பக்க வெளிச்சத்தையும் கலந்து கொடுக்கும். இல்லாவிட்டால் சென்சார் ஜன்னலைப் பார்த்து இருந்தால் எல்.இ.டி.யையும், எல்.இ.டி.யைப் பார்த்து இருந்தால் ஜன்னலையும் கணக்கில் எடுக்காது. கேன் நிற்கும் வரிசையிலேயே, கேன் நிற்கும் உயரத்திலேயே அதற்கும் ஒரு இடம். கேனுக்குப் பின்னால் மட்டும் வைக்காதீர்கள். பாசி அடர்ந்து வர வர வெளிச்சத்தை மறைக்கும், அது வேறு கதையாகிவிடும். பந்தும் கண்ணாடியும் குடிக்கிற வெளிச்சத்தைக் கழிக்க, லக்ஸ் மீட்டரோடு ஒப்பிட்டு ஒரு பெருக்கல் எண் கண்டுபிடித்து நிரலில் எழுதினேன். எனக்கு 1.7 வந்தது, உங்களுக்கு வேறு வரும்.

நிரலில் முதல் மாற்றம், எல்.இ.டி. எந்தக் காரணத்துக்காகவும் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ராத்திரி முழு இருட்டிலேயே 3,000 லக்ஸுக்கு 46 சதவீதம் போதும் என்று அளந்து வைத்திருக்கிறேன், அதற்குமேல் கேட்டால் கேட்கிறவர்மேல்தான் சந்தேகம். சென்சார் பதில் சொல்லாவிட்டால், மைனஸ் எண் வந்தால், அல்லது பகல் பன்னிரண்டு மணிக்குச் சுழி என்று சொன்னால், அதை நம்பாமல் 40 சதவீதத்தில் நின்றுகொண்டு பஸ்ஸரை அடிக்க வேண்டும். கேன் பக்கத்தில் ஒரு வெப்ப சென்சார், 32-ஐத் தாண்டினால் பட்டை அணைந்துவிடும். ஒரே சென்சாரின் பேச்சை மட்டும் கேட்டு நடக்கும் எதற்கும் இப்படி ஒரு வேலி வேண்டும். வேலிக்கு ஆன செலவு அறுபது ரூபாய் வெப்ப சென்சாரும் பத்து வரி நிரலும்.

ஆனால் எனக்கு உண்மையில் உதவியது, யாரும் சொல்லித்தராத ஒரு சின்ன விஷயம். நான் இத்தனை நாளும் டிஸ்பிளேயில் லக்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எப்போதும் 3,000 பக்கத்திலேயே இருக்கும். இருக்காதா பின்னே, அதை அங்கே நிறுத்துவதுதானே சர்க்யூட்டின் வேலை. பார்க்க வேண்டிய எண் எல்.இ.டி. சதவீதம். தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு, வெளி வெளிச்சம் கலக்காத நேரத்தில், அந்த எண்ணைக் காலண்டரில் எழுதுகிறேன். 46-ல் இருந்து 48, 50 என்று ஏறினால் பாட்டிலில் உப்பு. ஆர்.ஓ. தண்ணீர் நனைத்த துணியால் துடைத்ததும் இறங்கிவிடும். துடைத்தும் இறங்காவிட்டால் பட்டை தேய்கிறது அல்லது பாட்டிலுக்குள் ஈரம் போய்விட்டது, லக்ஸ் மீட்டரை எடுக்க வேண்டியதுதான். கச்சான் மாதங்களில் வாரம் இரண்டு துடைப்பு, மற்ற நாளில் வாரம் ஒன்று. அந்த ஜூன் மாதத்திலும் எண் 46, 58, 71 என்று ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கும். என் கண்ணுக்கு எதிரே, லக்ஸுக்குக் கீழ்வரியிலேயே ஓடியிருக்கிறது.

மாமியாருக்கு இரண்டாவது கண்ணும் ஆகிவிட்டது. சமையல்கட்டுக்குப் பழைய 9 வாட் பல்பையே திரும்பப் போடச் சொல்லிவிட்டார், கண் கூசுகிறதாம். டிஸ்பிளேயை இப்போது திண்ணைக்குத் தெரிகிற மாதிரி ஜன்னலில் மாட்டியிருக்கிறேன். நேற்று ராத்திரி கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுத்தார்: "தாயி, ஐம்பத்திரண்டு காட்டுது. இன்னிக்கித் துடைச்சியா, இல்லையா?"